ஜர்னலிசம் படிக்க எங்க போறது: நாகர்கோவிலா, திருவனந்தபுரமா, சென்னையா?

எங்க சித்தி பொண்ணு இந்த வருஷம் பிளஸ் டூ முடிச்சிட்டா, காமர்ஸ் குரூப், மார்க் நல்லாவே இருக்கு, வீடு கன்னியாகுமரி மாவட்டத்துல கருங்கல் பக்கம். படிச்சா ஜர்னலிசம்தான்னு நிக்கிறா. நம்ம மாவட்டத்துல ஒரு பொம்பளப் பிள்ளை நல்ல மார்க் எடுத்தா சொந்தக்காரங்க வாயில முதல்ல வர்றது நர்சிங், அப்புறம் பி.காம், பி.எட்னு வரிசையா வரும், அந்த வரிசைல ஜர்னலிசம் எங்கயுமே கெடையாது. சித்திக்கு பயம், கல்ஃப்ல இருக்க சித்தப்பாவுக்கு அதவிட பயம், ஆனா ரெண்டு பேரும் வேண்டாம்னும் சொல்லல, "நீ அந்த வேலைல இருக்கல்லா, நீயே பாத்து சொல்லு மக்கா"ன்னு என் தலைல கட்டிட்டாங்க. அவளுக்கு வாய்ஸ் நோட்டா அனுப்புனத எல்லாம் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்க எழுதுறேன், இதே யோசனைல இருக்க மத்த பிள்ளைகளுக்கும் ஆவும்.

எங்க படிக்கிறதுன்னு பாக்குறதுக்கு முன்னாடி என்ன படிக்கிறோம்னு பாத்துக்கிடணும். இப்போ ஜர்னலிசம்னாலே மல்டிமீடியாதான், அதாவது எழுத்து, ஆடியோ, வீடியோ எல்லாம் சேந்தது. மல்டிமீடியா ஜர்னலிசம்னு சொன்னதும் எல்லாரும் கேமராவும் எடிட்டிங்கும்னு நெனைச்சுக்கிறாங்க. தோவாளை பூ மார்க்கெட்ட எடுத்துக்கோங்க. ஓணம் பக்கத்துல வந்தா கேரளாவுக்கு லோடு போகும், பிச்சியும் மல்லியும் வெலை கண்ணாபின்னான்னு ஏறும், இது வருஷா வருஷம் பேப்பர்ல வர்ற செய்திதான். இதையே நீங்க ஒரு ஸ்டோரியா பண்ணணும், அப்போ எதை எதுல சொல்லுவீங்க? நாளுக்கு நாள் வெலை ஏறுனத பத்தி பத்தியா எழுதுனா படிக்கிறவன் கொட்டாவி விட்டுட்டு போயிருவான், அதையே ஒரு கிராஃபா போட்டா ஒரு பார்வைல முடிஞ்சு. விடியக்காலம் வியாபாரிங்க வெலை பேசுற சத்தம் இருக்கே, அதை எழுத்துல கொண்டு வரவே முடியாது, அது ஆடியோ. மாலை கட்டுற கையோட வேகம் வீடியோ. ஆனா பறிக்கிற பொம்பளைங்களுக்கு எவ்வளவு கூலி, தோட்டக்காரனுக்கு எவ்வளவு, கமிஷன் எவ்வளவு, வெலை ஏறுன காசு கடைசில யார் கைக்கு போச்சு, இது எழுத்துதான், அதுவும் நாலு பேர்ட்ட தனித்தனியா கேட்டு ஒத்துப் பாத்து எழுதணும். எதுக்கு எது பொருந்தும்னு பிரிச்சுப் போடத் தெரியறதுதான் இந்தப் படிப்பு, மெஷின் இயக்குறது எல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

இதை மனசுல வெச்சுக்கிட்டு இப்போ அவ லிஸ்ட்ல இருந்த நாலு வழியையும் பாப்போம்.

முதல் வழி பக்கத்துலயே விஸ்காம், அதாவது விஷுவல் கம்யூனிகேஷன் டிகிரி. மாவட்டத்துக்குள்ள தனியார் காலேஜ் சிலதுல இருக்கு, கொஞ்சம் தள்ளிப் போனா பாளையங்கோட்டை சேவியர்ஸ்ல இருக்கு, அப்புறம் பி.ஜி.க்கு அபிஷேகப்பட்டில மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துலயே கம்யூனிகேஷன் டிபார்ட்மென்ட் இருக்கு, நம்ம ஊர் கலை அறிவியல் காலேஜ் பெரும்பாலும் அந்த யுனிவர்சிட்டிக்கு கீழதான் வருது. வீட்டுல இருந்தே போயிட்டு வரலாம், இல்லன்னா வாரம் ஒருக்கா வீட்டுக்கு வரலாம், சித்திக்கு புடிச்சதே இதுதான்.

விஸ்காமும் ஜர்னலிசமும் ஒண்ணுன்னு நெனைச்சுட்டு சேர்ற பிள்ளைங்க நெறைய. சிலபஸ்ஸ எடுத்துப் பாத்தாலே தெரிஞ்சிரும். டிராயிங் இருக்கும், போட்டோகிராஃபி இருக்கும், விளம்பரம், கிராஃபிக் டிசைன், அனிமேஷன், சினிமா ரசனை, குறும்படம் எல்லாம் இருக்கும், செய்தி சேகரிக்கிறதுன்னு தேடுனா ஒரு பேப்பரோ ரெண்டு பேப்பரோ தேறும். முடிச்சு வர்றவங்க எங்க போறாங்கன்னு பாருங்க, கல்யாண ஷூட், ஆல்பம் டிசைன், விளம்பர கம்பெனி, சென்னைல அசிஸ்டென்ட் டைரக்டர். இதுல எதையும் நான் கொறைச்சு சொல்லல, மார்த்தாண்டம் நாகர்கோவில் பக்கம் கல்யாண சீசன்ல ஒரு நல்ல கேமராமேன் சம்பாதிக்கிறது சென்னைல டெஸ்க்ல உக்காந்திருக்க சப் எடிட்டருக்கு பொறாமைய கெளப்பும். ஆனா இவளுக்கு வேண்டியது அது இல்ல, நிருபர் ஆகணும்ங்கறா, அதுக்கு விஸ்காம் பாதி வழிதான் கொண்டு போய் விடும்.

இன்னொரு விஷயம் பைசா. விஸ்காம் ரொம்ப எடத்துல சுயநிதி பிரிவுலதான் இருக்கும், அரசு உதவி பெறுற பாடத்துக்கும் இதுக்கும் பீஸ்ல நல்ல வித்தியாசம் வரும், அது போக கேமரா வாங்கு, லேப்டாப் வாங்கு, ரெக்கார்ட் பிரிண்ட் போடுன்னு வருஷம் பூரா கைச்செலவு இருந்துக்கிட்டே இருக்கும். அந்த பீஸுக்கு காலேஜ்ல என்ன இருக்குன்னு கண்ணால பாக்கணும். அட்மிஷனுக்கு போறப்போ ஸ்டுடியோவ தெறந்து காட்டுவாங்க, ஏசி போட்டு, பச்சை துணி கட்டி, லைட் எல்லாம் எரியும். அதைப் பாத்து தலையாட்டிட்டு வந்துராதீங்க. கேமரா எத்தனை இருக்கு, ஒரு செட்ல எத்தனை பிள்ளைங்க, சனி ஞாயிறு வெளிய எடுத்துட்டு போக விடுவாங்களான்னு கேளுங்க. அலமாரில பூட்டியிருக்க கேமராவால ஒரு பிரயோஜனமும் இல்ல. பாடம் எடுக்கிறவர்ட்ட ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க, ட்யூப்லைட் வெளிச்சத்துல எடுத்த வீடியோ ஏன் மினுக்குதுன்னு. நம்ம நாட்டு கரன்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால ஷட்டர் ஸ்பீட 1/50 இல்லன்னா 1/100ல வெச்சு 25 ஃப்ரேம்ல எடுத்தா மினுக்காது, களத்துல வேலை பாத்தவர் மூச்சு விடாம சொல்லுவாரு, புத்தகத்த மட்டும் பாத்து நடத்துறவரு "அதெல்லாம் தேர்ட் செமஸ்டர்ல வரும்மா"ம்பாரு.

அதவிட முக்கியமா ஒண்ணு கேக்கணும், பிள்ளைங்க நடத்துற பத்திரிகை இருக்கா? பயிற்சி இதழ்னு சொல்லுவாங்க, லேப் ஜர்னல்னும் சொல்லுவாங்க. கடைசியா வந்தது எப்போன்னு தேதிய பாருங்க. யூடியூப் சேனல் இருக்குன்னா தெறந்து பாருங்க, காலேஜ் டே நடனமும் முதல்வர் குத்துவிளக்கு ஏத்துறதும்தான் இருக்குன்னா அது விளம்பர சேனல், அங்க யாரும் செய்தி பழகல. பஸ் ஸ்டாண்டு கழிப்பறை பத்தி ஒரு ரெண்டு நிமிஷ வீடியோ, அதுல அதிகாரிட்ட ஒரு பதில், இவ்வளவு இருந்தாலே அந்த டிபார்ட்மென்ட்ல உசிரு இருக்குன்னு அர்த்தம். நாலு காலேஜ் வெப்சைட்ட பாத்து ஒப்பிடுறதவிட இது நல்ல அளவுகோல், எந்த ஊர் காலேஜுக்கும் பொருந்தும்.

ரெண்டாவது வழி திருவனந்தபுரம். மாவட்டத்துக்கு கெழக்கால இருக்கவங்களுக்கு இது யோசனைலயே வராது, ஆனா மார்த்தாண்டம், கருங்கல், கொல்லங்கோடு பக்கம் இருக்கவங்களுக்கு பாளையங்கோட்டை போற தூரத்துல பாதி கூட இல்ல. குழித்துறைல ரயிலப் புடிச்சா தம்பானூர், பஸ்ஸுன்னா களியக்காவிளை வழியா நேரா போகலாம், என்ன, நெய்யாற்றின்கரைல மாட்டிக்கிட்டா மாட்டிக்கிட்டதுதான். நமக்கு இந்த ஊரோட பத்திரிகை சம்பந்தம் புதுசும் இல்ல, தினமலர் 1951ல தொடங்குனதே திருவனந்தபுரத்துலதான், தமிழ்ப் பகுதி எல்லாம் அப்போ திருவிதாங்கூர் கொச்சியில இருந்துச்சு, 1956ல மாவட்டம் தமிழ்நாட்டோட சேந்த பெறகுதான் அந்தப் பத்திரிகை திருநெல்வேலிக்கு வந்துச்சு.

அங்க டிகிரிக்கு ஜர்னலிசம் இருக்க காலேஜ் இருக்கு, ஆனா 2024ல இருந்து கேரளாவுல நாலு வருஷ டிகிரி ஆயிருச்சு, மூணு வருஷத்துல முடிச்சுட்டு வெளிய வரவும் செய்யலாம், நாலாவது வருஷம் போனா ஆனர்ஸ். இதை சேரும்போதே கேட்டுத் தெரிஞ்சுக்கணும், ஒரு வருஷ செலவு வித்தியாசம். டிகிரி முடிச்சவங்களுக்குன்னா கேரளா யுனிவர்சிட்டில ஜர்னலிசத்துல பி.ஜி. இருக்கு, பிரஸ் கிளப் நடத்துற இன்ஸ்டிட்யூட்ல பி.ஜி. டிப்ளமோ இருக்கு, இன்னும் மேல போனா காக்கநாட்டுல கேரளா மீடியா அகாடமி, கோட்டயம் பக்கம் பாம்பாடில ஐ.ஐ.எம்.சி. (இந்தியன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மாஸ் கம்யூனிகேஷன்) கேம்பஸ். பத்திரிகை படிக்கிற பழக்கம் அந்த மாநிலத்துல இன்னும் சாகல, டீக்கடைல மூணு பேப்பர் கெடக்கும், அந்தக் காத்துல படிக்கிறது ஒரு தனி சொகம்தான்.

சிக்கல் மொழில இருக்கு. கிளாஸ் இங்கிலீஷ்ல நடந்தாலும் பயிற்சிக்கு வெளிய அனுப்புனா எழுத வேண்டியது மலையாளத்துல. நம்ம மேற்குப் பக்கத்து ஆளுங்களுக்கு மலையாளம் பேச வரும், கேட்டா புரியும், படம் பாத்து சிரிப்போம், ஆனா எழுத்துன்னு வரும்போது முக்காவாசி பேரு முழிப்போம். இவளும் அப்படித்தான், தம்பானூர்ல பஸ் போர்ட எழுத்துக்கூட்டி படிக்கிறதுக்குள்ள பஸ் கெளம்பிரும். செய்தி எழுதுற அளவுக்கு மலையாளம் வரணும்னா அதுக்கே ஒரு வருஷம் உக்காரணும். அந்த உழைப்ப போடுற தெம்பு இருந்தா இதோட பலன் பெருசு, அதையும் சொல்லிரணும். நெய்யாறு இடதுகரைக் கால்வாய் தண்ணிப் பிரச்சினை, இங்க இருந்து போற கல்லு மண்ணு லாரி, அங்க இருந்து வர்ற ஆஸ்பத்திரி கழிவு, விழிஞ்ஞம் துறைமுகம், ரெண்டு பக்க மீன்பிடி படகு, எல்லாமே எல்லைய தாண்டுற கதை. திருவனந்தபுரம் நிருபர் அந்தப் பக்கத்த மட்டும் எழுதுவாரு, நாகர்கோவில் நிருபர் இந்தப் பக்கத்த எழுதுவாரு, ரெண்டு பக்கமும் ஆவணத்த படிச்சு எழுத ஆளு ரொம்ப கம்மி.

மூணாவது சென்னை. இதை சீக்கிரம் சொல்லிட்டு போயிருதேன். மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜ்ல (எம்.சி.சி.) பி.ஏ. ஜர்னலிசம் இருக்கு, பொம்பளப் பிள்ளைகளுக்கு எம்.ஓ.பி. வைஷ்ணவ் இருக்கு, விஸ்காம்ங்கற பேரையே நம்ம ஊர்ல பிரபலம் ஆக்குன லயோலா இருக்கு. பேப்பர் ஆபீஸ், சேனல், டிஜிட்டல் கம்பெனி எல்லாம் அங்கதான், லீவுல இன்டர்ன்ஷிப்புக்கு போக அடுத்த தெருதான், இங்கிலீஷ் தானா ஒட்டிக்கும், கூடப் படிக்கிறவங்களே பின்னால வேலைக்கு கூப்பிடுற ஆளுங்களா ஆவாங்க. மார்க் இருந்து, ஹாஸ்டல் செலவுக்கு வீட்டுல கடன் வாங்காம முடியும்னா ஒரு தப்பும் இல்ல, போங்க. ஆனா மூணு வருஷத்துக்கு ஹாஸ்டல், சாப்பாடு, ஊருக்கு ராத்திரி பூரா ரயில், இதெல்லாம் கூட்டிப் பாத்தா காலேஜ் பீஸ் சின்னதா தெரியும். அப்புறம் பதினேழு வயசுல போற பிள்ளை மூணு வருஷமும் சென்னை வெள்ளத்தையும் மெட்ரோவையும் எழுதிப் பழகி வரும், நம்ம ஊர்ல அதுக்கு ஆள் பழக்கம் விட்டுப் போயிரும். நிருபருக்கு அந்தப் பழக்கம்தான் முதலீடு.

நாலாவது வழிக்கு வருவோம். நான் அவளுக்கு சொன்னது இதுதான், அதனால இத கொஞ்சம் நீட்டிதான் சொல்லணும். ஊர்லயே ஒரு நல்ல டிகிரி, அரசு உதவி பெறுற காலேஜ்ல, எந்தப் பாடமா இருந்தாலும் சரி, மூணு வருஷம். அந்த மூணு வருஷமும் கூடவே செய்தி வேலை பழகணும். முடிச்சுட்டு ஒரு வருஷ பி.ஜி. டிப்ளமோ, அது ஜர்னலிசம் மட்டும். மொத்தம் நாலு வருஷம் ஆகுது, விஸ்காமவிட ஒரு வருஷம் கூடுதல். ஆனா கைல ஒரு பாடம் இருக்கு, ஒரு தொழில் இருக்கு, ஒண்ணு காலை வாருனா இன்னொண்ணு தாங்கும். சித்தப்பாவோட பயத்துக்கும் இது பதில் சொல்லிருது.

பாடம் ஏன் முக்கியம்னா, நிருபருக்கு எதாவது ஒண்ணு ஆழமா தெரிஞ்சிருக்கணும். 2017 நவம்பர் கடைசில ஒக்கி புயல் வந்தத நம்ம மாவட்டத்துல யாரும் மறக்க மாட்டாங்க. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஆளுங்க ஆழ்கடல்ல இருந்தாங்க, கரைல காணாமப் போனவங்க பேரை ஊர் ஊரா, சர்ச் சர்ச்சா எழுதிக்கிட்டு இருந்தாங்க, குழித்துறை ரயில்வே ஸ்டேஷன்ல உக்காந்து மறியல் பண்ணுன பெறகுதான் நெறைய கேமரா இந்தப் பக்கம் திரும்புச்சு. அப்பவும் அரசு சொன்ன எண்ணிக்கையும் ஊர் சொன்ன எண்ணிக்கையும் ஒத்துப் போகல. அந்த நேரத்துல ஒரு நிருபருக்கு என்ன தெரிஞ்சிருக்கணும்? ஒரு விசைப்படகு எத்தனை நாளைக்கு டீசலும் ஐஸும் ஏத்திட்டு போகும், எவ்வளவு தூரம் போகும், கரையோட பேச என்ன வசதி இருக்கு, நம்ம ஆளுங்க கேரளா துறைமுகத்துல இருந்து கெளம்புனா பதிவு எங்க இருக்கும். இது தெரிஞ்சவன்தான் ரெண்டு பட்டியலையும் பேரு பேரா வெச்சு சரிபாத்திருக்க முடியும். தெரியாதவன் அழுற அம்மா முன்னாடி மைக்க நீட்டுவான். 2024 மே கடைசில பிரதமர் விவேகானந்தர் பாறைல தியானம் இருந்தப்போ நாட்டுல உள்ள கேமரா பூரா கன்னியாகுமரில நின்னுச்சு, ஜூன் 1ந்தேதி அவர் கெளம்புனதும் அதுங்களும் கெளம்பிருச்சு. மிச்ச நாளுக்கு இந்த மாவட்டத்த பாக்க இங்க உள்ளவங்கதான் வேணும்.

இவ காமர்ஸ் பிள்ளைங்கறதால பி.காம் இல்லன்னா எக்கனாமிக்ஸ் எடுக்கச் சொன்னேன். கூட்டுறவு சங்கத்து கணக்கு, பஞ்சாயத்து பட்ஜெட், முந்திரி ஆலைல பி.எஃப். புடிச்சத கட்டுனாங்களா இல்லையா, இதெல்லாம் பேலன்ஸ் ஷீட் படிக்கத் தெரிஞ்சாதான் வெளிய வரும், அப்படி படிக்கத் தெரிஞ்ச நிருபர் எந்த ஆபீஸ்லயும் கொஞ்சம் பேருதான். தமிழ் இலக்கியம் புடிச்சவங்க அதையே படிங்க, பிழை இல்லாம எழுதுறவனுக்கு டெஸ்க்ல எப்பவும் எடம் இருக்கு. ஸ்காட், இந்துக் கல்லூரி, ஹோலி கிராஸ், மார்த்தாண்டம் என்.எம்.சி.சி.ன்னு பழைய காலேஜ் நம்ம கைக்கெட்டுற தூரத்துல இருக்கு, பீஸும் தாங்குற அளவுலதான் இருக்கும். அரசுப் பள்ளில படிச்ச பிள்ளைன்னா புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டத்துல மாசம் 1000 ரூபா வரும், அது பஸ்ஸுக்கும் போன் டேட்டாவுக்கும் ஆச்சு.

சரி, அந்த மூணு வருஷம் செய்தி எங்க பழகுறது? திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸுக்கு போங்க, மக்கள் குறைதீர்க்கும் நாள், மனு எழுதிக் குடுக்கிறவங்க பக்கத்துல ஒரு மணி நேரம் உக்காந்தா ஒரு மாசத்துக்கான ஸ்டோரி கெடைக்கும். மீனவர், விவசாயிகள் குறைதீர் கூட்டமும் மாசா மாசம் நடக்கும். விகடன் மாணவப் பத்திரிகையாளர் திட்டம் இருக்கு, எந்த டிகிரி படிக்கிறவங்களும் போடலாம், தமிழ்ல இன்னைக்கு பேரு சொல்ற நெறைய பத்திரிகையாளருங்க அந்த வழிலதான் உள்ள வந்தாங்க. பத்திரிகையாளர் சாய்நாத் 2014ல தொடங்குன பாரிங்கற (PARI) கிராமப்புற செய்தித் தளத்துல மாணவர்கள் பண்ணுன கட்டுரை, படம், வீடியோ எல்லாம் எடுத்துக்கிறாங்க, தமிழ்லயும் வருது, ஆனா விடமாட்டாங்க, தகவல் ஒவ்வொண்ணையும் திருப்பித் திருப்பி கேப்பாங்க, அந்தக் கேள்விதான் பயிற்சி. அப்புறம் நம்ம கோணத்துல இருக்க வானொலி நிலையம், இந்தியாவோட முதல் உள்ளூர் வானொலி அதுதான், 1984ல வந்தது, நம்மள்ல பாதிப்பேருக்கு இது தெரியாது. குரல்ல ஆர்வம் இருக்க பிள்ளைங்க இளைஞர் நிகழ்ச்சி எதாவது வாய்ப்பு இருக்கான்னு போய் கேட்டுப் பாக்கலாம், கேக்குறதுக்கு காசு இல்லல்லா.

சாமானுக்கு பயப்பட வேண்டாம். ஓரளவு நல்ல போன், ஒரு காலர் மைக், சின்ன ட்ரைபாட் போதும், எடிட்டிங்க்கு டாவின்சி ரிசால்வ்ல இலவச வெர்ஷன் இருக்கு, ஆடியோவுக்கு ஆடாசிட்டி இலவசம். முட்டம் கலங்கரை விளக்கு பக்கம் போய் ஒரு மீனவர்ட்ட பேட்டி எடுத்துப் பாருங்க, அந்தக் காத்துல மைக்குக்கு ரோமம் வெச்ச மூடி போடலன்னா பேசுன ஒரு வார்த்தை மிஞ்சாது. ஆள காத்துக்கு முதுகு காட்டி நிக்க வைக்கணும், நீங்க ஹெட்போன் மாட்டிக்கிட்டே ரெக்கார்ட் பண்ணணும், போன ஏரோப்ளேன் மோட்ல போடணும், இல்லன்னா அவர் முக்கியமா ஒண்ணு சொல்ல வாயத் தெறக்கும்போது கரெக்டா லோன் வேணுமான்னு ஒரு கால் வரும். பேட்டி முடிஞ்சதும் கெளம்பிராதீங்க, யாரும் பேசாம ரெண்டு நிமிஷம் கடல் சத்தத்த மட்டும் தனியா எடுங்க, எடிட்ல பேச்ச வெட்டுன எடத்துல எல்லாம் சத்தம் துள்ளும், அதை மூட இந்த ரெண்டு நிமிஷம்தான் கைகொடுக்கும்.

டிகிரி முடிச்ச பெறகு ஒரு வருஷத்துக்கு எங்க? சென்னை தரமணில ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம், சுருக்கமா ஏ.சி.ஜே., 1994ல பெங்களூருல தொடங்கி 2000ல சென்னைக்கு வந்தது. பயிற்சி கடுமையா இருக்கும், டெட்லைன்னா டெட்லைன்தான், டிஜிட்டல் பக்கத்துக்கு தனிப் பிரிவு உண்டு, ஆனா எல்லாம் இங்கிலீஷ், பீஸ் லட்சக் கணக்குல, உதவித்தொகை கெடைச்சா பாக்கலாம். ஐ.ஐ.எம்.சி. மத்திய அரசோடது, 1965ல இருந்து இருக்கு, சி.யு.இ.டி. பி.ஜி.ங்கற பொது நுழைவுத் தேர்வு எழுதிப் போகணும். திருவாரூர் மத்திய பல்கலைக்கழகத்துல ரெண்டு வருஷ எம்.ஏ. இருக்கு, அதுக்கும் அதே பரீட்சை. இதெல்லாத்தையும்விட நான் அவள பாக்கச் சொன்னது 2025ல தமிழ்நாடு அரசு கோட்டூர்புரத்துல தொடங்குன சென்னை இதழியல் நிறுவனம், ஒரு வருஷ பி.ஜி. டிப்ளமோ, தமிழ்லயும் உண்டு. தமிழ்ல ஜர்னலிசத்த ஒழுங்கா சொல்லிக் குடுக்க எடம் இல்லன்னு எத்தனையோ வருஷமா பொலம்பிக்கிட்டு இருந்தோம். புது எடம், முதல் பேட்ச்சுங்க எங்க வேலைக்கு போறாங்கன்னு பாக்க இவளுக்கு மூணு வருஷம் டைம் வேற இருக்கு, அதுவும் வசதிதான்.

இந்த வழில ஒரு ஓட்டை இருக்கு, அதையும் அவள்ட்ட மறைக்கல. மூணு வருஷம் செய்தி பழகுன்னு யாரும் அடிச்சு சொல்ல மாட்டாங்க. அட்டெண்டன்ஸ் கெடையாது, மார்க் கெடையாது. முதல் செமஸ்டர் உற்சாகம் ரெண்டாவது செமஸ்டர்ல வடியும், அப்புறம் பேங்க் பரீட்சைக்கு படிக்கப் போயிருவாங்க. தானா உக்காந்து வேலை செய்ற சுபாவம் இல்லாத பிள்ளைகளுக்கு நான் விஸ்காம்தான் சொல்லுவேன், அங்க அசைன்மென்டுன்னு ஒண்ணு கழுத்துல கத்திய வைக்கும், எதாவது பண்ணியாகணும். அதேபோல, எழுதுறதவிட படம் புடிக்கிறதுலதான் கை துறுதுறுங்குதுன்னா யோசிக்கவே வேண்டாம், விஸ்காமுக்கு போங்க, அங்க இருந்து வீடியோ ஜர்னலிஸ்ட் ஆனவங்க எத்தனையோ பேர் இருக்காங்க.

வேலையும் சம்பளமும் எப்படின்னு சித்தப்பா கேட்டாரு. மாவட்டத்துல நிருபர்னா பாதிப்பேருக்கு மாசச் சம்பளமே கெடையாது, அனுப்புற செய்திக்கு ஏத்த மாதிரி கணக்கு பண்ணிக் குடுக்கிறதுதான், அதனால பலரு கூட ஒரு தொழிலும் வெச்சிருப்பாங்க. சென்னைல டிஜிட்டல் டெஸ்க்ல தொடக்கச் சம்பளம் ரூம் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் சரியாப் போகும். எழுதவும் தெரிஞ்சு, எடிட்டும் பண்ணத் தெரிஞ்சு, ஒரு டேட்டா ஷீட்டும் படிக்கத் தெரிஞ்சா ரெண்டு மூணு வருஷத்துல நெலமை மாறும். நர்சிங் மாதிரி முடிச்ச கையோட ஃபாரின் போற கணக்கு இதுல இல்லன்னு அவர்ட்ட நேராவே சொல்லிட்டேன். அவரும் ஒரு ஊம் போட்டாரு, சரின்னும் சொல்லல வேண்டாம்னும் சொல்லல.

கடைசியா ஒரு கூட்டம் இருக்கு, ஏற்கனவே ஊர் செய்தின்னு யூடியூப் சேனலோ இன்ஸ்டா பேஜோ நடத்திக்கிட்டு இருக்க பிள்ளைங்க. ஆயிரக் கணக்குல ஃபாலோயர் இருக்கு, எனக்கெதுக்கு படிப்புங்கறாங்க. கேமரா, எடிட்டிங் எல்லாம் உங்களுக்கு வாத்தியாரவிட நல்லா வரும், ஒத்துக்கிடுதேன். ஆனா சட்டம்னு ஒரு பேப்பர் இருக்கு, அது உங்களுக்கு தெரியாதுன்னு உங்க வீடியோவ பாத்தாலே தெரியுது. பாலியல் வழக்குல பாதிக்கப்பட்ட பொண்ணோட பேரை போடக் கூடாதுன்னு பாரதிய நியாய சன்ஹிதால 72வது பிரிவு சொல்லுது, குழந்தைன்னா போக்சோ 23வது பிரிவு, அதுல பேரு மட்டும் கெடையாது, வீடு, ஸ்கூல், சொந்தக்காரங்கன்னு அடையாளம் காட்டுற எதையும் போடக் கூடாது. முகத்த மறைச்சுட்டு வீட்டு வாசல காட்டுற வீடியோ நம்ம ஊர்லயே எத்தனை சுத்துது! அவதூறு வழக்கு எப்போ நிக்கும், ஆர்.டி.ஐ. மனு எப்படிப் போடுறது, வாட்ஸப்ல வந்த பழைய படத்த எப்படி கண்டுபுடிக்கிறது, இதுக்காக மூணு வருஷம் காலேஜுக்கு போக வேண்டாம்தான். டிகிரி இருந்தா இக்னோவுல தபால் வழியா பி.ஜி. டிப்ளமோ ஜர்னலிசம் இருக்கு, சேனல நடத்திக்கிட்டே படிக்கலாம், புத்தகம் கைக்கு வந்ததும் மத்த பாடத்த அப்புறம் பாத்துக்கலாம், சட்டம் பத்தி வர்ற பகுதிய முதல்ல தெறங்க.